பார்த்த கண்ணுக்குத் திருஷ்டி கழிப்பது யார்?

அன்றிரவும் தைப்பிங்கில் மழை. அம்மாவை இடப்பக்கமாகப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டு, மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவிவிட்டு, அடுப்பங்கரைத் தரையில் வந்து உட்கார்ந்தபோது மணி பத்தரை. கைப்பேசி விடாமல் சிணுங்கிக்கொண்டிருந்தது. குடும்பப் புலனக் குழு. அண்ணன் குடும்பம் ஜப்பான் போய்ச் சேர்ந்திருந்தது.

43 படங்கள். எண்ணினேன். வெள்ளைச் சோற்றைக் குவித்த மாதிரி பின்னால் ஃபூஜி மலை. முன்னால் அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள். நால்வர் காலிலும் புதுச் சப்பாத்து.

“சூப்பர் அண்ணி, நல்லா சுத்திப் பாருங்க” என்று எழுதி மூன்று இதயங்களைப் போட்டேன். அதில் பொய் இல்லை. அண்ணன் பிள்ளைகள் பனியைத் தொட்டுப் பார்ப்பதில் எனக்கு மெய்யாகவே சந்தோஷம். ஆனால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்த அடுத்த நொடி அடிவயிற்றில் ஏதோ இறங்கிற்று. இரண்டு மணிக்கு அம்மாவை வலப்பக்கம் புரட்ட எழுந்தவள், அந்தப் படங்களை மறுபடி திறந்தேன். விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன். அந்தக் குளிர்ச்சட்டை என்ன விலை இருக்கும்? நாலு பேருக்கு விமானச் சீட்டு? அந்தக் காசுக்கு அம்மாவுக்கு எத்தனை மாதத்துப் பெம்பர்ஸ் வாங்கலாம்? விடியும்வரை தூக்கம் வரவில்லை. காலையில் முகம் கழுவும்போது எனக்கு நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன்: பொறாமைக்காரி.

அந்தப் பெயர் தப்பு என்று புரிய எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதத்தில் படித்ததும், யோசித்ததும், கடைசியில் செய்ததும்தான் இந்தக் கட்டுரை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்றாம் ஆண்டு நடக்கிறது. வீட்டைவிட்டு ஓர் இரவுகூட வெளியே தங்க முடியாதவர்கள் மலேசியாவில் நான் ஒருத்தி மட்டும் இல்லை. ஆண்டிறுதி விடுமுறை, சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள் என்று ஒவ்வொரு நீண்ட விடுமுறையிலும் இந்த வலி வீடு வீடாக வந்து போகிறது. பேச வெட்கப்பட்டு எல்லாரும் இதயத்தைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறோம்.

பங்காளிக் காய்ச்சல்

முதலில் ஒன்று. இது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2013-இல் ஜெர்மனியில், பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகமும் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து முகநூல் பயன்படுத்துவோரை ஆராய்ந்தன. ஹன்னா கிராஸ்னோவா என்ற ஆய்வாளர் தலைமையில் நடந்த ஆய்வு அது. முகநூலில் மனத்தைக் குத்துவது எது என்று கேட்டபோது முதலிடத்தில் வந்தது வீடோ, வேலையோ, பணமோ அல்ல. மற்றவர்களுடைய பயணமும் ஓய்வும்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள், பார்த்து முடித்தபின் மனம் கசந்துபோவதாகச் சொன்னார்கள். தானும் எழுதி, பேசிக்கொண்டிருப்பவரைவிட, வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டே போகிறவருக்குத்தான் அடி அதிகம்.

ஏன் பயணம்? நான் நினைப்பது இது. அண்ணன் புதுக் கார் வாங்கினால் அது அவர் வருமானம் என்று விட்டுவிடலாம். பதவி உயர்வு கிடைத்தால் அது அவர் உழைப்பு. பயணம் அப்படி இல்லை. அதற்குக் காசு மட்டும் போதாது. விடுபட்டுப் போகிற தோது வேண்டும். கூடப் போக ஆள் வேண்டும். நம்மிடம் இல்லாதது எதுவோ, அதன் மேலேயே அந்தப் படம் நேராக வந்து விரலை வைக்கிறது.

லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் எழுதிவைத்தார்: மனிதன் தன்னை எல்லாரோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, தனக்குச் சமமானவரோடுதான் ஒப்பிடுவான் என்று. நம் பாட்டிமார் அதைப் ‘பங்காளிக் காய்ச்சல்’ என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். யாரோ ஒரு கோடீஸ்வரன் சொந்தக் கப்பலில் நிற்கும் படம் என்னை ஒன்றும் செய்யாது. ஒரே லயத்து வீட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்த அண்ணன் பனியில் நிற்கும் படம்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

கோட்டு இரவல், படம் சொந்தம்

படம் பார்த்து மனம் நோவது கைப்பேசியோடு வந்தது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் தாத்தா ‘ரஜூலா’ கப்பலில் வந்தவர். 1926-இல் கட்டிய கப்பல். 1970-களின் தொடக்கம்வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் நம்மவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தது. இங்கே வந்து இறங்கியவர்கள் கையில் நாலு காசு சேர்ந்ததும் செய்த முதல் வேலை ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பியதுதான். பின்னால் வர்ணத்தில் தீட்டிய மாளிகை, பக்கத்தில் பூச்சாடி, ஸ்டூடியோக்காரர் இரவல் தந்த கோட்டு. காலையில் பால் வெட்டி, மதியம் பால்வாளி சுமந்த கை, அந்தப் படத்தில் நாற்காலிக் கைப்பிடியில் ராஜா மாதிரி இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துத் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ எத்தனை தம்பிமார் மனம் புழுங்கியிருப்பார்கள், எத்தனை பெண்கள் ‘இவ்வளவு வசதியாக இருக்கிறவர் ஏன் எங்களைக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை’ என்று அழுதிருப்பார்கள்! லயத்து வீட்டின் தகரக் கூரையும், விடிகாலைப் பெரட்டும், மலேரியாக் காய்ச்சலும் அந்த அட்டையில் இல்லை. 1938-இல் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்தியா நிறுத்தியபிறகு, வர நினைத்தவர்களுக்கும் வழி அடைபட்டது. படம் மட்டும் சுவரில் தொங்கியது.

ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. என் சின்ன வயதில் தோட்டத்து லாரி ஏறித்தான் தைப்பிங்குக்கு வருவோம். ஆண்டுக்கு ஒருமுறை, சில ஆண்டு இரண்டுமுறை. 1961-இல் திறந்த மிருகக்காட்சிசாலை, அதை ஒட்டிய ஏரிப் பூங்கா, முடிந்தால் அருங்காட்சியகம். லயத்தில் இருக்கிற அத்தனை குடும்பமும் லாரிக்குள். வாழையிலையில் கட்டிய புளிச்சோறு, வாளி நிறைய அவித்த முட்டை. கிராணி மகனிடம் மட்டும் கேமரா. ரோலில் 36 படம்தான் என்பதால், “எல்லாரும் ஒட்டி நில்லுங்க, ஒரே தடவைதான் எடுப்பேன்” என்பான். அந்தப் படத்தில் நாற்பது பேர் இருப்போம். பார்த்து ஏங்க வீட்டில் அநேகமாக யாரும் மிச்சம் இல்லை.

மாட்டைப் பார்த்துக்கொள்ள ஓரிருவர் தங்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கென்று ஒரு பொட்டலம் வரும். என் அத்தை ஒருமுறை வயிற்றுவலியால் வரமுடியாமல்போக, அப்பா அவளுக்கு வேர்க்கடலையும், ஏரிக்கரையில் பொறுக்கிய ஒரு கொத்து ரோசாநிறப் பூவும் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை அந்தப் பூவைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். கோயிலுக்குப் போனவர் திருநீறும் பிரசாதமும் கொண்டுவர வேண்டும். பழநிக்குப் போனால் பஞ்சாமிர்தம். காசிக்குப் போனவர் கங்கைச் சொம்பை வாங்கிவந்து சொந்தபந்தத்துக்குப் பங்கிட வேண்டும். போகிறவர் போகமுடியாதவருக்குப் பட்ட கடன் அது. இதை நம் முன்னோர் சும்மா வைக்கவில்லை. பயணம் பிரிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பிரிந்த இடத்தைத் தைக்கும் ஊசியாகப் பொட்டலத்தை வைத்தார்கள். இன்றைக்குப் படம் முதலில் வந்துவிடுகிறது, அதுவும் நடந்துகொண்டிருக்கும்போதே. பொட்டலம் பின்னால் வருகிறது, அல்லது வருவதே இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, நாங்கள் கமுண்டிங் பக்கம் மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தபோது அந்த லாரியும் போய்விட்டது. இதற்கெல்லாம் அண்ணனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்பது பேர் படம் எப்படி நாலு பேர் படம் ஆனது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எல்லைகள் முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி. இடைப்பட்ட காலத்தில் சாவும் பயமும் கதவுக்கு வெளியே நின்றன. ஆனாலும் குடும்பக் குழுவில் வந்ததெல்லாம் வீட்டில் சுட்ட முறுக்கும், மாடித் தோட்டத்துக் கத்தரிக்காயும்தான். அந்த நாட்களில் எனக்கு இந்த வயிற்று வலி ஒருநாளும் வந்ததில்லை. எல்லை திறந்த பிறகு வந்த படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடைத்துவைத்த அணை உடைந்த மாதிரி கொட்டியது.

ஐந்து பெயர், ஐந்து வலி

நம் வீடுகளில் யாராவது பயணம் போய் வந்தால் வாசலிலேயே நிற்கவைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவோம். புது வீட்டுக்குப் பூசணிக்காய், குழந்தைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு. பார்க்கப்பட்டவரைக் காப்பாற்ற நம்மிடம் நூறு வழி. பார்த்தவருக்கு? அவர் குற்றவாளி. ‘கண் பட்டுவிட்டது’ என்றால் பட்ட கண் யாருடையது என்று தேடும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் படம் பார்த்து நொந்தவர் வாயைத் திறப்பதில்லை. திறந்தால், ‘அவளுக்குப் பொறாமை’ என்று ஒரே சொல்லில் முத்திரை குத்திவிடுவார்கள். நானே எனக்குக் குத்திக்கொண்டேன்.

ஆனால் தமிழில் அதற்கு ஒரு சொல்லா இருக்கிறது? பொறாமை, வயிற்றெரிச்சல், ஏக்கம், ஆதங்கம், மனத்தாங்கல். ஐந்தும் ஐந்து வெவ்வேறு நோய். டச்சு மொழியில் பொறாமைக்கு இரண்டு சொல் உண்டு. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் அதைத்தான் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒன்று, ‘அவரைப் போல நானும் உயர வேண்டும்’ என்று தவிப்பது. மற்றது, ‘அவர் கீழே விழ வேண்டும்’ என்று விரும்புவது. வள்ளுவர் அழுக்காறாமை அதிகாரத்தில் பத்துக் குறளில் கண்டிப்பது இரண்டாவதை, அடுத்தவர் ஆக்கம் பொறுக்காத மனத்தை. ஏங்குகிறவரை அவர் கண்டிக்கவில்லை.

ஒரு விடிகாலை அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது என்னை நானே மூன்று கேள்வி கேட்டேன். அண்ணனின் விமானம் ரத்தாகி, அவர்கள் பயணம் கெட்டுப்போயிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமா? இல்லை. பிள்ளைகளின் முகம் வாடியிருக்குமே என்றுதான் தோன்றியது. அப்படியென்றால் அது பொறாமை இல்லை. சரி, அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் தீர்ந்திருக்குமா? அதுவும் இல்லை. எனக்குக் குளிர் ஆகாது. அம்மா என்ன செய்கிறாரோ என்று அங்கேயும் மணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாவதாக, அண்ணன் ஒரு வாரம் இங்கே வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டால்?

கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். கண்ணீர் நிற்கவில்லை.

அதுதான். ஜப்பான் இல்லை, சப்பாத்து இல்லை, பனி இல்லை. மூன்று ஆண்டாக நான் கேட்காமல் விழுங்கிவைத்த ஒரு கேள்வி. அதற்குத் தமிழில் பொறாமை என்று பெயர் இல்லை. ஆதங்கம் என்று பெயர். உணர்ச்சிக்கு ஒரு சொல்லை வைத்தாலே, மூளையில் அச்சத்தைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி அடங்குகிறது என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மேன் குழு 2007-இல் காட்டியது. அந்தச் சொல் சரியானதாக இருக்க வேண்டும் என்பேன் நான். தப்பான சொல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் மூன்று மாதம் சாட்சி.

உங்களுடையது வேறாக இருக்கலாம். கணவரை இழந்தவருக்கு, லங்காவிக் கடற்கரையில் கைகோத்து நிற்கும் ஜோடியின் படம் குத்தினால் அது பொறாமையா? அது துக்கம், இன்னும் அழுது தீராத துக்கம். அவருக்கு வேண்டியது கைப்பேசியை அணைப்பது இல்லை, இறந்தவரைப் பற்றிப் பேச ஓர் ஆள். கூட்டாளிகள் ஐந்து பேர் ஹாட்யாய் போய்ப் படம் போட்டதைப் பார்த்து, கூப்பிடப்படாத ஆறாவது பையன் சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டால் அது விலக்கப்பட்ட வலி. ‘படிக்கிற வயசுல உனக்கு எதுக்கு ஹாட்யாய்?’ என்று கேட்கிற அப்பா, பையன் அழுவது ஹாட்யாய்க்காக இல்லை என்பதைப் பார்க்கத் தவறுகிறார். சிங்கப்பூரில் வேலைசெய்யும் மகன் தீபாவளிக்கு வர விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதம் கொரியாவில் நிற்கும் படத்தைப் பார்க்கிற தாய்க்கு நேர்வது மனத்தாங்கல். அவர் அந்த மகனுக்கு முதல் இதயத்தைப் போடுவார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கைப்பேசியை நீட்டி, “பாரு, எவ்ளோ அழகா இருக்கான்” என்பார். அந்தத் தாய்மாரை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையைப் பாதிக்கு மேல் எழுதினேன்.

யாரோ ஒருவர் படத்தில் நாங்கள்

எங்கள் ஊரே படம் பிடிக்க வருகிற ஊர். ஹாய் சான், கீ ஹின் என்ற இரு சீனச் சங்கங்கள் ஈயத்துக்காக வெட்டிக்கொண்டு செத்த பூமி இது. 1874-இல் அந்தச் சண்டையை முடித்துவைத்த பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு, நிலையான அமைதி என்று பொருள்படத் தைப்பிங் என்று பெயர் வைத்தார்கள். தோண்டிப்போட்ட ஈயக்குழிகளில் நீர் தேங்க, 1880-இல் அதைப் பூங்காவாக்கினார்கள். கரையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களுக்கு நூறு வயதுக்கு மேல். கிளைகள் சாலையைத் தாண்டிச் சாய்ந்து ஏரித் தண்ணீரைத் தொடும். மழைக்கும் இருட்டுக்கும் இலையை மூடிக்கொள்ளும். சனி ஞாயிறில் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருகிறவர்கள் அந்தக் கிளை வளைவுக்குக் கீழே வரிசையில் நிற்பார்கள்.

நானும் காலை ஏழு மணிக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து அங்கேதான் தள்ளிக்கொண்டு போவேன். சென்ற ஆண்டு தோழி ஒருத்தி ஒரு படத்தை அனுப்பி, “இது நீதானே?” என்று கேட்டாள். முன்பின் தெரியாத ஒருவர் முகநூலில் போட்ட விடுமுறைப் படம். மரக்கிளை, மூடுபனி, தண்ணீரில் பொன்வெயில். தூரத்தில் சின்னதாக, முதுகு காட்டி, நாற்காலியில் ஒரு கிழவி, தள்ளிக்கொண்டு ஒரு பெண். கீழே எழுதியிருந்தார்: “வாழ்ந்தா இப்படி ஒரு ஊர்ல வாழணும்.”

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அம்மா அன்று போட்டிருந்த பச்சைச் சால்வையால். அதிகாலையில் இரண்டுமுறை படுக்கையை நனைத்துவிட்டார். நான் கத்தினேன். அவர் பேச முடியாத வாயால் என்னவோ சொல்ல முயன்று, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டில் இருந்தால் இன்னும் கத்திவிடுவேன் என்று பயந்துதான் வெளியே அழைத்துவந்தேன். படத்தில் அது எதுவும் இல்லை. ஆனால் அந்தப் படம் பொய்யும் இல்லை. பொன்வெயில் அடித்தது மெய். அம்மா தண்ணீரைப் பார்த்துத் தலையாட்டியதும் மெய். முகம் தெரியாத அந்த மனிதர், தம் ஊர் நெரிசலில் எதற்கு ஏங்கி அப்படி எழுதினாரோ தெரியாது. அவரைக் கூப்பிட்டு ஒரு காப்பி வாங்கிக் கொடுக்க வேண்டும்போல இருந்தது.

அன்றிலிருந்து எந்த விடுமுறைப் படத்தையும் பொய் என்று நான் தள்ளுவதில்லை. ‘எல்லாம் வேஷம், உள்ளே சண்டைதான்’ என்று ஆறுதல் சொல்கிறவர்கள், அடுத்தவர் வீட்டில் சண்டை இருக்க வேண்டும் என்று நம்மை விரும்பவைக்கிறார்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம்.

நடுராத்திரிக்கு ஒரு சட்டம்

செய்யக்கூடியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படுக்கையில் படம் பார்ப்பதை விட்டேன். இரவு ஒன்பதுக்குப் பிறகு கைப்பேசி அரிசி டின்னின் மேல். அம்மாவைப் புரட்ட எழுந்தாலும் கைக்கெட்டாது. இரண்டு மணிக்குப் பார்க்கிற படமும் காலையில் தேநீரோடு பார்க்கிற படமும் ஒன்றல்ல. முகநூலில் ஒருவரை நட்பிலிருந்து நீக்காமலே 30 நாளுக்கு அவர் பதிவுகளை நிறுத்திவைக்கலாம். புலனத்தில் நிலைத் தகவலையும் குழுவையும் சத்தமில்லாமல் அமர்த்திவைக்கலாம். எதிராளிக்குத் தெரியாது. இதைத் துரோகம் என்று நினைக்க வேண்டாம். புண் ஆறும்வரை துணி சுற்றுவதுபோலத்தான். 2018-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். முகநூல், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் ஒவ்வொன்றும் பத்து நிமிடமாக, நாளுக்கு அரைமணி நேரத்துக்குக் குறைத்தவர்களுக்கு மூன்று வாரத்திலேயே தனிமையும் சோர்வும் குறைந்தன. முழுக்க விடச்சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். என்னைப்போல் வீட்டோடு அடைபட்டவருக்கு அந்தச் சின்னத் திரைதான் சன்னல்.

இன்னொன்று எனக்குப் பலன் தந்தது. ஏதாவது ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது. “அந்தக் கடையில தொங்குதே, அது என்ன மீனு?” என்று அண்ணன் மகளுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். அவள் மூன்று நிமிடம் பேசி அனுப்பினாள். அதை அம்மாவின் காதில் வைத்தேன். பேத்தி குரல் கேட்டு அம்மா சிரித்தார். சும்மா பார்த்துக்கொண்டு போனால் படம் நம்மை வெளியே நிறுத்தும். கேட்டால் ஒரு நூல் உள்ளே இழுக்கும்.

படம் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். குழுவில் 43 படம் போடும் முன், வரமுடியாமல் வீட்டில் இருக்கிறவருக்கு மட்டும் தனியாக ஒரே ஒரு படத்தை அனுப்பி, ‘உன்னை நெனச்சேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். அதுதான் வேர்க்கடலைப் பொட்டலம்.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால், சோறு இறங்கவில்லை என்றால், உயிரோடு இருந்து என்ன என்று தோன்றினால், அது படத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. பேராக் மாநிலத்தில் நமக்கு ஒரு கெட்ட பழக்கம்: யாராவது மனம் சரியில்லை என்றால், “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்” என்று கேலி பேசுவோம். 1911-இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் இன்றைய பெயர் பஹாகியா; மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். அந்தக் கேலிக்குப் பயந்து எத்தனை பேர் வாய் திறக்காமல் போனார்களோ! அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி டாக்டரிடம் மனச்சோர்வைப் பற்றிச் சொல்லலாம். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்கு அழைத்தால் பேசுவதற்கு ஆள் உண்டு. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பிலும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேட்டுவிட்டேன்

மார்ச் விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பு அண்ணனை அழைத்தேன். மூன்று நாள் ஒத்திகை பார்த்தும், தொண்டையில் வந்தது ஒத்திகை பார்க்காத சொற்கள்தான்.

“அண்ணே, ஜப்பான் படமெல்லாம் பார்த்தப்ப எனக்கு ரொம்ப வலிச்சுச்சு. நீங்க போனது தப்பில்ல. நான் மூணு வருசமா எங்கேயும் போகல. நாலு நாள் நீங்க வந்து அம்மாவோட இருக்கணும்.”

நெடுநேரம் மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. “ஏன் பாப்பா இவ்வளவு நாளா சொல்லல?”

“நீங்க கேட்கலயேண்ணே.”

“நீ எல்லாத்தையும் கரெக்டா பார்த்துக்கிற. நான் வந்தா ஒனக்கு இடைஞ்சல்னு நெனச்சேன்.”

கேட்டால் கிடைக்கும் என்று நான் எழுதமாட்டேன். எல்லா அண்ணன்மாரும் வரமாட்டார்கள். சில வீட்டில் கேட்டதே பெரிய பகையாகும். என் அண்ணன்கூட ஒப்புக்கொண்டுவிட்டு இரண்டுமுறை தேதி மாற்றினார். அந்த இரண்டு இரவும் எனக்குப் பழைய வயிற்று வலி வந்தது. ஆனால் கேட்டபிறகு அந்த 43 படமும் என்னைக் குத்துவது நின்றுவிட்டது. அவர் தேதி சொல்வதற்கு முன்பே நின்றுவிட்டது.

நெதர்லாந்தில் ஜெரோன் நவேய்ன் என்பவர் 1,530 பேரை வைத்து நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பயணத்தின் மகிழ்ச்சி போவதற்கு முந்திய எதிர்பார்ப்பில்தான் கூடுதல் என்று சொல்கிறது. திரும்பிவந்த பிறகு, போனவருக்கும் போகாதவருக்கும் பெரிய வேறுபாடு இல்லையாம். நான் அந்த இரண்டு வாரத்தில் அதை அனுபவித்தேன். எங்கே போவது என்று தினமும் மாற்றி மாற்றி யோசித்தேன். கேமரன் மலை, பினாங்கு, பங்கோர்த் தீவு. கடைசியில் அம்மாவுக்கு ஒன்றென்றால் அரைமணியில் திரும்பிவிடக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுத்தேன்: கோலா செபெத்தாங்.

நம் நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது. 13 கிலோமீட்டர். அப்போது அதன் பெயர் போர்ட் வெல்ட். தண்டவாளம் இப்போது இல்லை. கடைத்தெருவில் அந்தப் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது, ஆங்கிலம், ஜாவி, சீனம் எழுத்துகளோடு தமிழிலும். அதன் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பலகையை மட்டும் ஒரு படம் எடுத்தேன்.

இருட்டியதும் மின்மினி பார்க்கப் படகு ஏறினேன். சதுப்புநில மரங்களின் ஓரமாகப் படகு மெல்லப் போனது. அப்போதுதான் கைப்பேசி அடித்தது. அண்ணன்.

“பாப்பா, அம்மா மாத்திரையத் துப்பிட்டாங்க. ரெண்டு தடவ. என்ன பண்றது?”

“பொடிக்கணும்ணே. தேன்ல குழைச்சு நாக்கு நடுவுல வைங்க. ஓரத்துல வைக்காதீங்க.”

“தேன் எங்க?”

“அரிசி டின்னுக்குப் பின்னால.”

டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. “இரு, இரு, கட் பண்ணாத,” என்றார். பிறகு அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொல்வது காதில் விழுந்தது. சின்ன வயதில் எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா பேசுகிற அதே குரலில்.

“முழுங்கிட்டாங்க,” என்றார்.

படகுக்காரர் என் பக்கம் திரும்பி, வெளிச்சத்தை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார். கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தேன். எதிரே இருந்த மரம் முழுக்க ஒரே நேரத்தில் மினுங்கியது.